கருவியின் குறையும் கையின் பழியும்

(கிராம ஊழியர்களுக்கும் படிப்பு வட்டங்களுக்கும் உரிய பாடம்)

கிராமங்களில் புதிதாகக் கொண்டுவந்து வைக்கப்படும் கருவிகளில் பல, ஒரு வருஷம் கழிவதற்குள் உபயோகமற்றுப் போகின்றன. புகைபோக்கி வைத்துக் கட்டிய அடுப்பின்மேல் விறகு அடுக்கப்பட்டிருக்கும். அதன் பக்கத்திலேயே மூன்று கற்களை வைத்துச் சமையல் நடக்கும். அடிபம்பின் கைப்பிடியில் ஆட்டுக்குட்டி கட்டப்பட்டிருக்கும். ஸ்திரீகள் குடத்துடன் பழைய குட்டைக்கே நடப்பார்கள். இவற்றைப் பார்வையிட வருபவர் முதலிற் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: “ஜனங்களுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை.”

இக்காரணம் சொல்வதற்கு எளியது. இதைச் சொன்ன பிறகு கருவியை ஆராய வேண்டிய அவசியம் இல்லாமற் போகிறது. கருவியை வகுத்தவரையும் வாங்கிக் கொடுத்தவரையும் கேள்வி கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமற் போகிறது. ஆனால் பல சந்தர்ப்பங்களில் இது உண்மைக்குப் புறம்பானது. ஒருவர் தவறினால் அவருடைய கவனக்குறைவு காரணமாயிருக்கலாம். ஊரார் அனைவரும் ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவறினால், அத்தவறு கருவிக்குள்ளேயே அமைந்திருக்கிறதென்று கொண்டு தேடுவதே முறை. இதனை நன்கு அறியப்பட்ட சில உதாரணங்களால் விளக்கி, கிராம ஊழியர் ஒரு கருவியை எவ்வாறு பரீட்சிக்க வேண்டுமென்பதைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பிழை பிறக்கும் இடம்

கிராமத்துக்கு வெகு தூரமான ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். படியாதவர், பழகாதவர் என்ற பழியைச் சுமத்த இடமில்லாத மனிதர்களைப் பற்றியதாகையால் அது நமக்குப் பயன்படும்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கரின் பி-17 என்னும் குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையில் இறங்கியபின் சக்கரங்கள் மடங்கி வயிற்றால் நிலத்தில் மோதி நாசமாயின. விமானிகள் நன்கு பயிற்சி பெற்றவர்கள். ஆயினும் இறங்கியவுடன் சிறகின் மடக்குப் பலகைகளை உள்ளே இழுப்பதற்குப் பதிலாகச் சக்கரங்களை இழுத்துவிட்டனர். 1943ஆம் ஆண்டில் ஆல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் மனோதத்துவ அறிஞர் இதனை ஆராய்ந்தார். சக்கரத்துக்குரிய விசையும் பலகைக்குரிய விசையும் ஒன்றையொன்று ஒத்த வடிவில் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதை அவர் கண்டார். விசைகள் வேறு விதமாக அமைந்திருந்த ஸி-47 விமானத்தை ஓட்டியவர்களிடம் இத்தவறு காணப்படவில்லை.

அவர் சொன்ன பரிகாரம் மிகச் சுலபமானது. சக்கர விசையின் நுனியில் ரப்பரால் செய்த சிறு சக்கரமொன்றும், பலகை விசையின் நுனியில் ஆப்பு வடிவான துண்டொன்றும் பொருத்தப்பட்டன. இருட்டிலும் களைப்பிலும் கை தடவிய மாத்திரத்தில் எது எதுவென்று தெரிந்தது, அத்தவறும் ஒழிந்தது. விமானிகளுக்கு மறுபடியும் பயிற்சி தரவில்லை, தண்டனையும் விதிக்கவில்லை. விசைகளை இவ்வாறு வடிவத்தால் வேறுபடுத்தும் வழக்கம் இன்றும் விமானங்களில் நிலைத்திருக்கிறது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய விதி யாதெனில், களைத்த கையும் அவசரமும் இருட்டும் மனித வாழ்க்கையின் சாதாரண நிலைகள். அந்நிலைகளிற் பிழைக்கு இடம் தராதபடி அமைவதே நல்ல கருவி. இவ்விதி கிராமத்தின் குடிநீர் விஷயத்தில் எப்படிப் பலித்ததென்பதை அடுத்துப் பார்ப்போம்.

2. அடிபம்பின் சரித்திரம்

1966-67ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவிற் கடுமையான வறட்சி உண்டாயிற்று. அதன்பின் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யூனிசெப் ஸ்தாபனத்தின் உதவியுடன், கடினமான பாறையையும் துளைக்கவல்ல யந்திரங்கள் தருவிக்கப்பட்டன. கைக்கிணறு தோண்ட முடியாத பாறை நிலங்களிலும் ஆழத்து நீரை எட்ட வழி பிறந்தது. தக்காணத்திலும் தமிழ்நாட்டிலும் ஆயிரக்கணக்கான போர்க்கிணறுகள் போடப்பட்டு, அவற்றின்மேல் வார்ப்பிரும்பால் ஆன அடிபம்புகள் வைக்கப்பட்டன.

1970களின் நடுவில் இப்பம்புகளைத் தணிக்கை செய்தபோது, ஏறக்குறைய முக்காற்பங்கு வேலை செய்யவில்லையென்று தெரிந்தது. பூமிக்கடியில் நீர் இருந்தது, கிணறும் இருந்தது, பணமும் செலவழிந்திருந்தது. ஆனால் குடத்துக்குள் நீர் வரவில்லை. கிராமத்தார் முரட்டுத்தனமாக அடித்து உடைத்துவிட்டார்களென்று சொல்வது அப்போது மிகவும் சுலபமாயிருந்திருக்கும்.

உண்மைக் காரணம் வேறு. அப்பம்புகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீடுகளில் வைக்கப்பட்டவற்றின் மாதிரியாகச் செய்யப்பட்டவை. அங்கே ஒரு குடும்பம் நாளொன்றுக்குச் சில தடவை அடிக்கும். இங்கேயோ ஒரு பம்பைச் சுற்றி ஒரு தெரு முழுவதும் நிற்கும். விடியற்காலை தொடங்கிப் பொழுது சாயும்வரை கைப்பிடி ஓயாது. அடிப்பவர்களோ பெரும்பாலும் ஸ்திரீகளும் சிறுவர்களும். உயரம் போதாத சிறுவன் கைப்பிடியில் தொங்கி அடிப்பான். அவசரத்தில் உள்ளவர் பக்கவாட்டில் நின்று இழுப்பார். மூட்டுகளில் இருந்த ஆணிகளும் துவாரங்களும் தேய்ந்து அகன்றன, கைப்பிடி ஆடியது, உள்ளே செல்லும் கம்பி கோணி முறிந்தது, வார்ப்பிரும்பு வெடித்தது. நாள்தோறும் எண்ணெயிட வேண்டிய மூட்டுகளுக்கு எண்ணெய் வாங்குவது யார் பொறுப்பென்பதும் தீர்மானிக்கப்படவில்லை. ஆகவே, ஒரு குடும்பத்துக்கென வகுத்த கருவியை ஓர் ஊருக்குக் கொடுத்ததே முதற்பிழை.

இக்குறையை முதலிற் கண்டு சீர்திருத்த முயன்றவர்கள் மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் ஷோலாப்பூரிலும் கிணறு வேலையில் ஈடுபட்டிருந்த மிஷன் தொழிலாளிகள். தாங்கள் வைத்த பம்புகளைத் தாங்களே பழுதுபார்க்க வேண்டியிருந்தமையால், எது எங்கே உடைகிறதென்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பல மூட்டுகளை நீக்கி ஒரே மூட்டை வைத்தார்கள். வார்ப்பிரும்புக்குப் பதிலாக எஃகைக் கொண்டார்கள். ஷோலாப்பூர் பம்பை அடிப்படையாகக் கொண்டு, யூனிசெப் ஸ்தாபனமும் இந்திய சர்க்காரும் சென்னையிலிருந்த யந்திர ஆராய்ச்சி நிலையத்தாரும், ரிச்சர்ட்ஸன் அண்டு க்ரூடாஸ் என்னும் சர்க்கார் தொழிற்சாலையாரும் சேர்ந்து புதிய பம்பொன்றை வகுத்தனர். அதுவே ‘இந்தியா மார்க் 2’. கோயம்புத்தூர்ப் பிரதேசத்தில் ஆழமான கிணறுகளில் அதை வைத்து, ஜனங்கள் அன்றாடம் உபயோகிக்கும்படி விட்டுப் பரீட்சித்த பின்னரே, 1970களின் பிற்பகுதியில் ஏராளமாகச் செய்யத் தொடங்கினர். 1979இல் அதற்கென இந்தியத் தர அளவும் ஏற்படுத்தப்பட்டது. ஒரு தொழிற்சாலையில் செய்த உறுப்பு மற்றொரு தொழிற்சாலையின் பம்புக்கும் பொருந்த வேண்டுமென்பதே தர அளவின் பிரயோஜனம்.

இப்பம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கவனித்தால், ஒவ்வொன்றும் அடிப்பவரின் கைக்கு ஒரு விடையாக அமைந்திருப்பது விளங்கும்:

(அ) கைப்பிடியின் மூட்டில், உள்ளே மசகிட்டு மூடிய பேரிங்குகள் உள்ளன. நாள்தோறும் எண்ணெயிட வேண்டுவதில்லை. ஆகவே எண்ணெய் போட மறந்தார்களென்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லை.

(ஆ) கைப்பிடிக்கும் உட்கம்பிக்கும் இடையில், வளைந்த தகட்டின்மேற் படிந்து ஓடும் சங்கிலி ஒன்று உண்டு. கைப்பிடி வளைவாக ஏறி இறங்கினாலும் கம்பி நேராகவே ஏறி இறங்கும், கோணி முறிவதில்லை.

(இ) கைப்பிடி கனத்த இரும்புச் சட்டம். அதன் கனமே ஆழத்தில் தொங்கும் கம்பியின் கனத்தைப் பெரும்பாலும் சமன் செய்கிறது. அடிப்பவர் நீரின் பாரத்தைத் தூக்கினாற் போதும். சிறு பெண்ணும் அடிக்கக்கூடியதாவது இதனாலேயே.

(ஈ) பம்பின் அடித்தண்டு கிணற்றுக் குழாயை மூடிச் சிமிட்டித் தளத்திற் பதிந்து நிற்கிறது. சிந்திய நீர் அழுக்குடன் மறுபடி கிணற்றுக்குள் இறங்குவதில்லை.

இவற்றில் எதுவும் அடிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய புதிய விஷயமன்று. ஜனங்கள் முன்போலவே அடித்தார்கள். சிறுவர்கள் முன்போலவே தொங்கினார்கள். மாறியது பம்பே. இம்மாதிரிப் பம்புகள் பல லட்சக்கணக்கில் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவின.

3. பழுதுபார்ப்பதும் உபயோகமே

ஆயினும் மார்க் 2 குறையற்றதன்று. அதன் சிலிண்டர் பூமிக்கடியில் ஆழத்திலிருக்கிறது. அதிலுள்ள தோல் வாஷர் தேய்ந்தால், அதைத் தொடுவதற்குக் குழாய்கள் முழுவதையும் மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். முப்பது மீட்டர் ஆழமுள்ள கிணற்றில் மூன்று மீட்டர் குழாய்கள் பத்து. ஒவ்வொன்றும் நீருடன் கனக்கும். இதற்கு விசேஷமான ஆயுதங்களும் பல ஆட்களும் வண்டியும் வேண்டும். சில ரூபாய் பெறும் வாஷருக்காக ஊரார் தலைமை ஸ்தலத்துக்குச் செய்தி அனுப்பி வண்டிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. தமிழ்நாட்டில் ஏற்பட்ட மூன்றடுக்குப் பராமரிப்பு முறை, அதாவது ஊரில் ஒரு காவலர், வட்டாரத்தில் ஒரு மெக்கானிக், ஜில்லாவில் ஒரு நடமாடும் குழு என்னும் ஏற்பாடு, இத்துன்பத்தை ஓரளவு குறைத்தது. ஆனால் குறை ஏற்பாட்டில் மாத்திரம் இல்லை, அமைப்பிலும் இருந்தது.

ஆகவே 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் மறுபடியும் பல வருஷங்கள் பரீட்சை நடத்தப்பட்டது. அதன் பயனாக வந்த மார்க் 3 பம்பில், குழாய் 65 மில்லிமீட்டர் அகலமுள்ளதாக ஆக்கப்பட்டது. பிஸ்டனையும் அடிவால்வையும் குழாயின் உட்புறமாகவே கம்பியுடன் மேலே இழுத்துவிடலாம். குழாய்களைத் தொட வேண்டுவதில்லை. தோலுக்குப் பதிலாக நீடித்து உழைக்கும் ரப்பர் வாஷர் வந்தது. பெரும்பாலான பழுதுகளை ஊர் மெக்கானிக்கே ஓரிருவர் துணையுடன் தீர்க்கக்கூடியதாயிற்று. அகன்ற குழாய்க்கு விலை அதிகம், கனமும் அதிகம் என்பதனால் மார்க் 2 பம்பு அடியோடு மறைந்துவிடவில்லை. ஒவ்வொரு சௌகரியத்துக்கும் ஒரு விலை உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. அவ்விலையை வாங்கும்போதே கொடுப்பதா, பின்னர் நீரின்றிக் காத்திருக்கும் நாட்களாகக் கொடுப்பதா என்பதே யோசிக்க வேண்டியது.

பழுதுபார்க்கும் வேலை ஆண்களுக்கே உரியதென்றும், எழுத்தறியாத ஸ்திரீகளால் ஆகாதென்றும் பலர் கருதியிருந்தனர். 1990களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்து பாந்தா ஜில்லாவில், மகிளா சமாக்யா என்னும் திட்டத்தின் கீழ், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஸ்திரீகள் அடிபம்பு மெக்கானிக்குகளாகப் பழகி, பம்புகளைப் பிரித்துக் கோத்துச் செப்பனிட்டனர். பம்பு நின்றால் தூரம் நடக்க வேண்டியவர்கள் அவர்களே. ஆகவே பம்பு ஓட வேண்டுமென்ற அக்கறையும் அவர்களுக்கே அதிகம். கருவியின் உறுப்புகள் தெளிவாகவும் கைக்கு எட்டக்கூடியதாகவும் இருந்தால், கற்க முடியாதவர்களென ஒரு வகுப்பாரை ஒதுக்கக் காரணமில்லை.

4. பார்வைக்கு அழகு, கைக்குத் துன்பம்

ஜனங்களின் கையைக் கவனித்து வளர்ந்த பம்பின் கதை அது. பார்ப்பவரின் கண்ணை மாத்திரம் கவர்ந்த மற்றொரு பம்பின் கதையையும் அதன் அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது.

தென்னாப்பிரிக்காவில் ‘பிளே பம்ப்’ என்னும் விளையாட்டுப் பம்பு ஏற்பட்டது. சிறுவர்கள் ஏறிச் சுற்றும் ராட்டினத்தோடு பம்பு இணைக்கப்பட்டிருக்கும். அவர்கள் விளையாடினால் நீர் மேலே உள்ள தொட்டிக்கு ஏறும். இதைக் கேட்டோர் அனைவரும் மகிழ்ந்தனர். 2000ஆம் ஆண்டில் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006இல் அமெரிக்காவிற் பெருந்தொகை வாக்களிக்கப்பட்டு, ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 பம்புகள் வைக்கத் திட்டமிடப்பட்டது.

கிராமத்தில் நடந்தது வேறு. விளையாட்டு ராட்டினத்தை ஒரு முறை தள்ளிவிட்டால் அது தானாகச் சுற்றும். பம்பு ராட்டினமோ நீரைத் தூக்குவதனால் தள்ளுவதை நிறுத்திய மாத்திரத்தில் நின்றுவிடும். சிறுவர்கள் விரைவில் அலுத்தார்கள். பள்ளி நேரத்தில் அவர்கள் இல்லை. வயது சென்ற ஸ்திரீகள் குனிந்து அந்த ராட்டினத்தைச் சுற்றித் தள்ள நேர்ந்தது. அது அவர்களுக்கு நோவையும், பிறர் பார்வையில் வெட்கத்தையும் தந்தது. சில ஊர்களில், ஓடிக்கொண்டிருந்த அடிபம்பை எடுத்துவிட்டே இதை வைத்திருந்தனர். ஒரு பம்பினால் 2,500 பேருக்கு நீர் கிடைக்குமென்ற கணக்கு நிறைவேறச் சிறுவர்கள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டுமென 2009இல் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை கணக்கிட்டுக் காட்டியது. அத்திட்டம் குறித்த இலக்கை எட்டாமலே கைவிடப்பட்டது.

இரண்டு பம்புகளுக்கும் உள்ள பேதம் பணத்தில் இல்லை; நன்மனத்திலும் இல்லை. நடுப்பகலில், சிறுவர் இல்லாதபோது, ஐம்பது வயதுள்ள ஒரு ஸ்திரீ தனியாக வந்தால் இதை எவ்வாறு உபயோகிப்பாள் என்ற கேள்வி முன்னதாகக் கேட்கப்படவில்லை.

5. அடுப்படியில் நேர்ந்தது

நீருக்கு அடுத்தது நெருப்பு. விறகுப் புகையினால் விளையும் தீங்கு பெரிது. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனரென உலக சுகாதார ஸ்தாபனம் கணித்தது. புகையில்லா அடுப்புக்கான முயற்சி நம் நாட்டிற் பழமையானது. 1940களின் இறுதியில் வார்தாவில் ‘மகன்’ அடுப்பு வகுக்கப்பட்டது. 1953இல் எஸ். பி. ராஜூ என்னும் என்ஜினீயர் புகையற்ற சமையலறையைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். 1983 முதல் 2002 வரை இந்திய சர்க்காரின் தேசியத் திட்டத்தின் கீழ்ச் சுமார் 3.5 கோடி சீர்திருத்த அடுப்புகள் கொடுக்கப்பட்டன. அவற்றிற் பெரும் பகுதி நிலைத்த உபயோகத்தில் இருக்கவில்லை.

காரணங்களைச் சமைப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் அவை தெளிவாகும். அடுப்பின் வாய் சிறிது. ஆகவே விறகைச் சிறு துண்டுகளாகப் பிளக்க வேண்டும். நீண்ட கட்டையை மெல்ல மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டு மற்ற வேலையையும் பார்த்து வந்தவளுக்கு இது புதிய உழைப்பு. குழியின் அளவு ஒன்று, வீட்டுப் பானையின் அளவு வேறு. இரண்டாம் குழிக்குப் போதிய சூடு வருவதில்லை. புகைபோக்கியிற் கரி படிந்தால் அதைத் துடைக்கக் கூரையேற வேண்டும். துடைக்காவிட்டால் புகை முழுவதும் திரும்பி முகத்திலடிக்கும். பழைய அடுப்பில் விரிசல் கண்டால் சாணமும் மண்ணும் கொண்டு அவளே பூசிவிடுவாள்; புதிய அடுப்பின் குழாய் உடைந்தால் அதை எங்கே வாங்குவதென்று யாரும் சொல்லவில்லை.

ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்று 2012இல் வெளியாயிற்று. ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்னும் மூவர் அதை நடத்தினர். புதிய அடுப்புப் பெற்ற வீடுகளில், சமைப்பவர் சுவாசிக்கும் புகை முதல் வருஷத்திற் குறைந்தது. பின்வந்த வருஷங்களில் அக்குறைவு மறைந்துபோயிற்று. அடுப்பைச் சரிவர உபயோகிப்பதும் துடைத்துச் செப்பனிடுவதும் வரவரக் குறைந்தமையே காரணம். ஆராய்ச்சிசாலையில் மிக நன்றாய் எரிந்த அடுப்பு, மழைக்காலத்தில் ஈரவிறகுடன், இடுப்பிற் குழந்தையை வைத்துக்கொண்டு சமைப்பவளிடம் எப்படி எரியுமென்பதே உண்மையான பரீட்சை. கொடுக்கப்பட்ட அடுப்புகளின் எண்ணிக்கையை எழுதி வைப்பது அப்பரீட்சைக்கு ஈடாகாது.

6. அன்றாடப் பொருள்களில் இதே குறை

இக்குறை கிராமத்துக்கோ ஏழைகளுக்கோ மாத்திரம் உரியதன்று. தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடியை வைத்து, அதன்மேல் ‘தள்ளு’ என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பெரிய கட்டடங்களிலும் காணலாம். 1988இல் டொனால்ட் நார்மன் என்னும் அமெரிக்க அறிஞர் அன்றாடப் பொருள்களைப் பற்றி எழுதிய நூலில் இத்தகைய கதவுகளையே பெரிதும் எடுத்துக் காட்டினார். கதவுக்கு எழுத்து வேண்டியிருந்தால், கதவின் அமைப்பிலேயே குறை உண்டென்பது அவர் கருத்து. நம் வீட்டுச் சுவரிலுள்ள மின்விசைப் பலகையையும் பாருங்கள். ஒரே வடிவான ஆறு விசைகள் ஒரே வரிசையில் இருக்கும்; விசிறி எது, விளக்கு எது என்பதற்கு அடையாளமில்லை. பத்து வருஷம் குடியிருந்தவரும் இரண்டை அழுத்திப் பார்த்தே மூன்றாவதைக் கண்டுபிடிப்பார். அறையில் விளக்குகள் இருக்கும் வரிசையிலேயே விசைகளையும் வைத்தால் இத்தடுமாற்றம் பெரும்பாலும் நீங்கும், செலவும் ஏறாது.

இவை சிறு தொல்லைகள். ஆனால் உணவுக்கும் உரிமைக்கும் இடையில் ஒரு யந்திரம் நிற்கும்போது இதே குறை பெருந்துன்பமாகிறது. நியாய விலைக் கடைகளில் விரல்ரேகையைப் பதிந்து பொருள் வாங்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். சுண்ணாம்பும் சிமிட்டியும் கலப்பவர், கல் சுமப்பவர், நாற்று நடுபவர் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். முதியோரின் தோல் உலர்ந்து ரேகை மங்கியிருக்கும். யாருக்கு அந்த அரிசி மிகவும் தேவையோ அவருடைய விரலையே யந்திரம் அறிய மறுப்பது அதிகம். மறுக்கும்போது அது காரணத்தையோ அடுத்து என்ன செய்வதென்பதையோ அவருக்குப் புரியும் மொழியிற் சொல்வதில்லை. வரிசையில் நிற்பவர்களின் முன், தம் விரலே தமக்குச் சாட்சி சொல்லவில்லையென்ற தலைகுனிவுடன் முதியவர் திரும்புகிறார். மாற்று வழிகள் உத்தரவுகளில் இருந்தால் மாத்திரம் போதாது. அவை கடையின் சுவரிலும் விற்பனையாளரின் பழக்கத்திலும் இருக்க வேண்டும். உழைத்த கையைக் குற்றவாளியாக்கும் கருவி, எவ்வளவு நூதனமாயினும், குறையுள்ள கருவியே.

7. கருவியைப் பரீட்சிக்கும் முறை

எந்தக் கருவியையும் ஊருக்குப் பரிந்துரைக்கு முன், கிராம ஊழியர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:

(1) உபயோகிப்பவர் யாரென்று முதலில் நிச்சயிக்க. அடுப்பைப் பற்றி வீட்டுத் தலைவரை மாத்திரம் கேட்பது பயனற்றது. சமைப்பவரைக் கேட்க வேண்டும்.

(2) விளக்கிச் சொல்லாமல் கருவியை அவர் கையிற் கொடுத்துப் பேசாதிருந்து பார்க்க. அவர் முதலில் எங்கே கை வைக்கிறார், எங்கே தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்க. தயக்கம் உண்டாகும் இடமே குறையுள்ள இடம்.

(3) ஒருவரோடு நிறுத்தாது, குறைந்தது ஐந்தாறு பேரிடம் பார்க்க. அவர்களில் ஒரு முதியவரும், ஒரு சிறுவரும், பார்வை மங்கியவர் ஒருவரும் இருக்க வேண்டும்.

(4) கெட்ட வேளையிற் பரீட்சிக்க. இருட்டிலும், ஈரக் கையுடனும், அவசரத்திலும், கூட்டத்திலும் கருவி எப்படி நடக்கிறதென்பதைக் காண்க.

(5) பழுதானால் திறப்பது யார், எந்த ஸ்பானர் வேண்டும், உறுப்பு எந்தக் கடையிற் கிடைக்கும், என்ன விலை என்பவற்றை முன்னதாகவே விசாரித்து எழுதி வைக்க.

(6) பழைய கருவி தந்த நன்மைகளை எண்ணிப் பார்க்க. மூன்று கல் அடுப்பு எந்தப் பானைக்கும் பொருந்தும், எந்த விறகையும் ஏற்கும், செலவில்லாதது. புதியது இவற்றில் எதை இழக்கச் செய்கிறதென்று தெரியாமற் பழையதை அகற்றலாகாது.

(7) மூன்று மாதம் கழித்தும், ஒரு வருஷம் கழித்தும், சொல்லாமற் சென்று பார்க்க. கொடுத்த அன்று எடுத்த கணக்கைவிட, பின்னர் எடுக்கும் கணக்கே மதிக்கத்தக்கது.

இவ்வாறு செய்வதனாற் காலதாமதம் ஆகுமென்றும், சற்றுப் பழகினால் எல்லாம் சரியாகுமென்றும் சிலர் ஆட்சேபிக்கலாம். பழக்கம் பலவற்றைச் சீர்செய்யும் என்பது மெய்யே. தையல் யந்திரமும் சைக்கிளும் பழகிய பின்னரே வசமாயின. ஆனால் அவற்றைப் பழகியவர் நாள்தோறும் பயனைக் கண்டார். பயன் தெரியுமுன் துன்பத்தை மாத்திரம் தரும் கருவியைப் பழக ஏழைக் குடும்பத்துக்கு ஓய்வு இல்லை. தாமதத்தைப் பற்றியோ, ஆறு மாதப் பரீட்சைக்கு மனமின்றி ஆயிரம் பம்புகளை வைத்து அவற்றில் முக்காற்பங்கு நின்றுபோவதைவிடப் பெரிய தாமதம் வேறில்லை.

கிராமத்தார் ஒரு கருவியைக் கைவிடும்போது அவர்களும் ஒரு தீர்ப்பைச் சொல்லுகிறார்கள். அதைச் செய்தவருக்கும் வாங்கியவருக்கும் அத்தீர்ப்பை எட்டச் செய்வது கிராம ஊழியரின் கடமைகளுள் ஒன்று. “உபயோகிக்கத் தெரியவில்லை” என்று எழுதி அனுப்பும் ஊழியர் அதை அடைத்துவிடுகிறார். “இன்ன இடத்தில், இன்னாருடைய கைக்கு, இன்ன காரணத்தால் இது உதவவில்லை” என்று எழுதி அனுப்புபவரோ அடுத்த கருவி நன்றாக அமைய உதவி புரிகிறார்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்கத்தக்க கேள்விகள்

1. உங்கள் ஊரில் உபயோகமற்றுக் கிடக்கும் கருவிகள் எவை? ஒவ்வொன்றையும் கைவிட்டவரிடமே காரணத்தைக் கேட்டு எழுதுக.

2. ஊர்ப்பொதுவான பம்போ மோட்டாரோ பழுதானால் எத்தனை நாளிற் சீராகிறது? அந்நாட்களில் நீர் சுமப்பவர் யார்?

3. நியாய விலைக் கடையில் விரல்ரேகை பதியாதவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்? மாற்று வழி அவர்களுக்குத் தெரியுமா?

4. உங்கள் வீட்டுப் பொருள்களில், ஒரே தவறை எல்லோரும் செய்யும்படி அமைந்திருக்கும் ஒன்றைக் கூறி, அதைத் திருத்தும் வகையைப் படம் எழுதிக் காட்டுக.